‘நன்று’ என்னும் சொல்லுக்கு எத்தனை புள்ளி?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோவில் மண்டபத்துக்கும் புராணபடனத்துக்கும் தூரமானது போலத் தோன்றும். ஆயினும் அஃது எம்மெல்லோர் வாயிலும் நாள்தோறும் புழங்குவது. கறி எப்படி என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்கிறோம். நேற்றைய நாதஸ்வரக் கச்சேரி எப்படி என்று கேட்டால் ‘திறம்’ என்கிறோம். படுக்கையிலிருக்கும் நோயாளியிடம் வருத்தம் எப்படி என்று கேட்டால் ‘நேற்றையிலும் கொஞ்சம் குறைவு’ என்கிறார். இவை யாவும் தீர்ப்புகள். எண் எதுவும் இல்லாமலே சொல்லப்படும் தீர்ப்புகள். இச்சொற்கள் ஏணிப்படி போல ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பலர் கூடி ஒரு பொருளைப் பற்றி இத்தகைய சொற்களால் தீர்ப்புக் கூறினால், அத்தீர்ப்புகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, ‘இதுவே சபையின் முடிவு’ என்று நேர்மையாகச் சொல்வது எவ்வாறு? இதுவே நாம் ஆராய விரும்பும் வினா.

படிவரிசைப்படுத்துதல் தமிழருக்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூலிலே மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூன்று தரமாக வகுத்தார். அன்னத்தையும் பசுவையும் போன்றவர் தலைமாணாக்கர். மண்ணையும் கிளியையும் போன்றவர் இடைமாணாக்கர். ஓட்டைக் குடத்தையும், ஆட்டையும், எருமையையும், நெய்யரியையும் போன்றவர் கடைமாணாக்கர். எத்தனை நூற்றாண்டுகளாக ஆசிரியர்கள் இதனைப் படிப்பித்து வந்திருக்கிறார்கள்! அவர்களுள் எவரேனும், அன்னம் கிளியைக் காட்டிலும் எத்தனை புள்ளி அதிகம் என்று கேட்டதுண்டா? கிளிக்கும் எருமைக்கும் உள்ள தூரம், அன்னத்துக்கும் கிளிக்கும் உள்ள தூரத்துக்குச் சமமோ என்று கேட்டதுண்டா? கேட்கவில்லை. வரிசை வேறு, தூரம் வேறு என்பது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியிருந்தது.

சைவ சமயத்திலோ இதனிலும் தெளிவான உதாரணம் உண்டு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் படிகள். ஒன்றைக் கடந்தே மற்றதை அடைதல் வேண்டும். தாயுமான சுவாமிகள் இவற்றை ஒரு மரத்தின் மொட்டு மலர்ந்து, காய்த்து, பழுப்பதற்கு ஒப்பிட்டார். மொட்டு அவிழ்வதற்குச் சில நாள் போதும்; காய் முற்றிக் கனிவதற்கு மாதங்கள் ஆகும். படிகள் நான்கு என்பதால் இடைவெளிகள் சமம் ஆகிவிடமாட்டா. சரியைக்கு 1, கிரியைக்கு 2, யோகத்துக்கு 3, ஞானத்துக்கு 4 என்று எவரேனும் எண் கொடுத்து, திருக்கோவில் அலகிடும் அடியார் மூவரைச் சேர்த்தால் ஒரு யோகியாவர் என்று கணக்குக் காட்டினால் இச்சபையிலுள்ளோர் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இதே கணக்கை நாம் வேறிடங்களிலே சிரியாமற் செய்து வருகிறோம்.

எமக்கு எழுத்தறிவித்தது ஒரு மிஷன் பாடசாலை. அங்கே தவணை முடிவில் வரும் தேர்ச்சி அறிக்கையில் கணிதம் 62, தமிழ் 71 என்று எண்கள் ஒரு புறம் இருக்கும். அடியிலே ‘நடத்தை: நன்று’ என்று ஒரு வரி இருக்கும். மொத்தம் போடும்போது எந்த வகுப்பாசிரியரும் அந்த ‘நன்று’ என்பதை 62 உடன் கூட்டியதில்லை. கூட்டமுடியாதது என்று அவர்களுக்குத் தெரியும். எனில், கூட்டமுடியாததைக் கூட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1932ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரென்சிஸ் லிக்கேட் என்னும் உளவியலறிஞர் மனப்பாங்குகளை அளப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு கூற்றைக் கொடுத்து, அதனை மிகவும் ஏற்கிறீரா, ஏற்கிறீரா, தீர்மானமில்லையா, மறுக்கிறீரா, மிகவும் மறுக்கிறீரா என்று ஐந்து படிகளிற் கேட்கும் முறையை அவர் வகுத்தார். அவர் கண்மூடித்தனமாக எண் கொடுத்தவரல்லர். முதலிலே, ஒவ்வொரு படிக்கும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைக் கொண்டு கடினமான ஒரு கணக்கால் அப்படியின் பெறுமானத்தைக் கண்டார். பின்னர் வெறுமனே 1, 2, 3, 4, 5 என்று இட்டுப் பார்த்தார். பல கூற்றுகளுக்குரிய விடைகளைக் கூட்டிய பின் இரு முறைகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆதலால் எளியதையே கைக்கொண்டார். அவர் வைத்திருந்த காரணத்தை உலகம் மறந்துவிட்டது. ஐந்து எண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்று வங்கியிலும் வைத்தியசாலையிலும் கைத்தொலைபேசியிலும் ஐந்து நட்சத்திரங்களுள் எத்தனை தருவீர் என்று எம்மைக் கேட்பதெல்லாம் அதனை ஒத்த வழக்கமே.

எண் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். இரத்தினபுரிக்குப் போய்ப் பார்ப்போம்.

ஜெர்மானியக் கனிப்பொருளறிஞரான பிரீட்ரிக் மோஸ் 1812ஆம் ஆண்டில் கற்களின் வன்மையைப் பத்துப் படிகளாக வகுத்தார். எது எதைக் கீறுகிறது என்பது ஒன்றே அவர் சோதனை. நகத்தாற் கீறப்படும் மென்மையான டால்க் 1. பளிங்கு 7. டோபாஸ் 8. எமது நாட்டு நீலக்கல்லும் மாணிக்கமும் எந்தக் கனிப்பொருளின் இனமோ அந்தக் குருந்தம் 9. வைரம் 10. (ஆங்கிலேயர் அக்கனிப்பொருளுக்கு வழங்கும் பெயரும் எமது ‘குருந்தம்’ என்ற சொல்லின் வழிவந்ததே. தமிழ் எங்கெங்கோ போயிருக்கிறது!) இங்கே குருந்தத்துக்கும் வைரத்துக்கும் இடையே ஒரு படி, டோபாசுக்கும் குருந்தத்துக்கும் இடையே ஒரு படி. ஆனால் கருவிகொண்டு அளந்து பார்த்தால், குருந்தம் டோபாசைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வன்மையுடையது; வைரமோ குருந்தத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. மோஸ் செய்தது தவறன்று. எது எதைக் கீறும் என்று அறிய விரும்பும் கல்வெட்டிக்கு அவருடைய படி இன்றும் பயன்படுகிறது. அந்த 9ஐயும் 10ஐயும் கூட்டி இரண்டாற் பிரித்து 9.5 என்பவனே தவறு செய்கிறான்.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்து ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் 1946இல் இவ்வேறுபாட்டை ஒழுங்குபடுத்தி எழுதினார். பெயருக்காக மட்டும் இடப்படும் எண் ஒரு வகை. வரிசையை மட்டும் காட்டும் எண் மற்றொரு வகை. வெப்பமானி போலச் சம இடைவெளிகளைக் காட்டும் எண் இன்னொரு வகை. முழக்கோலும் தராசும் போல, இரு மடங்கு என்று சொல்ல இடந்தரும் எண் நான்காவது வகை. வரிசை எண்களுக்குச் சராசரி எடுப்பது கண்டிப்பாகப் பார்த்தால் முறையன்று என்றார் அவர். எனினும் நடைமுறையில் அது சில வேளை பயன் தருவதையும் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்குப் பின்னர் வருவோம்.

இனி எம்முடைய வீட்டு விஷயத்துக்கு வருவோம். நவராத்திரியை ஒட்டிப் பேச்சுப் போட்டியும் பண்ணிசைப் போட்டியும் நடத்தாத இந்து இளைஞர் சங்கம் அரிது. நடுவர் ஐவர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்கள் கையிலுள்ள தாளில் மிகத் திறமை, திறமை, நன்று, சாதாரணம், குறைவு என்ற ஐந்து சொற்கள். போட்டியிடும் பிள்ளைகள் இருவர். வள்ளி என்றும் தெய்வானை என்றும் பெயரிடுவோம். (கோவில் வாசலில் நின்று பேசுவதால் வேறு பெயர் வாயில் வரவில்லை.)

வள்ளிக்கு நடுவர் நால்வர் ‘திறமை’ என்றனர். ஐந்தாமவர் ‘குறைவு’ என்றார். தெய்வானைக்கு மூவர் ‘நன்று’ என்றனர். ஒருவர் ‘திறமை’ என்றார். ஒருவர் ‘மிகத் திறமை’ என்றார்.

தாள்கள் பின்மேசைக்குப் போகின்றன. அங்கே மிகத் திறமைக்கு 5, திறமைக்கு 4, நன்றுக்கு 3, சாதாரணத்துக்கு 2, குறைவுக்கு 1 என்று எழுதிக் கூட்டுகிறார்கள். வள்ளிக்கு 17. தெய்வானைக்கு 18. வெள்ளிக் கிண்ணம் தெய்வானைக்கு.

இன்னொரு சங்கத்தில், அதே சொற்களுக்கு, 75, 70, 50, 40, 30 என்று எண் கொடுக்கும் வழக்கம் இருந்ததென்க. வரிசை மாறவில்லை, மேற்படி மேலே, கீழ்ப்படி கீழே. இப்போது வள்ளிக்கு 310, தெய்வானைக்கு 295. கிண்ணம் வள்ளிக்கு.

சபையோர் இதனைச் சற்று நின்று பார்க்கும்படி வேண்டுகிறோம். பேசிய பேச்சு அதே பேச்சு. நடுவர் சொன்ன சொல் அதே சொல். மாறியது பின்மேசையில் எழுதப்பட்ட எண் மட்டுமே. எனவே கிண்ணம் யாருக்கு என்று தீர்மானித்தவர் நடுவர் ஐவருமல்லர். தாம் ஒரு தீர்ப்புச் சொல்கிறோம் என்று அறியாமலே எண் எழுதியவர். எந்த நடுவரும், ‘திறமைக்கும் நன்றுக்கும் உள்ள இடைவெளி, சாதாரணத்துக்கும் குறைவுக்கும் உள்ள இடைவெளியே’ என்று கையொப்பமிட்டுத் தரவில்லை. அந்தக் கையொப்பத்தை நாமே அவர் பெயரால் இட்டுவிடுகிறோம்.

எண்ணைத் தொடாமலே முடிவு காணும் வழி உண்டா? உண்டு, அதற்குக் கூட்டலும் பெருக்கலும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்த ஐந்து சொற்களையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துங்கள். நடுவில் நிற்கும் மூன்றாவது சொல் எது என்று பாருங்கள். வள்ளிக்குத் திறமை, திறமை, திறமை, திறமை, குறைவு, நடுவிலே ‘திறமை’. தெய்வானைக்கு மிகத் திறமை, திறமை, நன்று, நன்று, நன்று, நடுவிலே ‘நன்று’. இந்நடுச்சொல்லையே பாடசாலைக் கணிதத்தில் இடையம் என்கிறோம். இடையம் ‘திறமை’ என்றால் அதன் பொருள் வெளிப்படை: நடுவருட் பாதிக்கு மேற்பட்டோர் இப்பிள்ளையைத் திறமையென்றோ அதற்கு மேலென்றோ சொல்லியிருக்கிறார்கள். படிகளுக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும், வரிசை பிறழாதவரை, இந்த முடிவு அசையாது.

இடையத்துக்கு முன்னரே பார்க்கத்தக்க ஒன்று உண்டு. இரு பிள்ளைகளின் வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதற்சொல்லுக்கு முதற்சொல், இரண்டாம் சொல்லுக்கு இரண்டாம் சொல் என்று ஒப்பிட்டுக்கொண்டு போங்கள். ஓரிடத்திலும் தாழாமல், ஓரிடத்திலேனும் ஒரு பிள்ளை உயர்ந்து நின்றால் வழக்கே இல்லை. எந்த எண்ணைக் கொடுத்துக் கூட்டினாலும் அப்பிள்ளையே வெல்லும். வள்ளி தெய்வானை வழக்கில் மேற்படியில் தெய்வானை உயர்ந்தாள், நடுவிலே வள்ளி உயர்ந்தாள், கடைசிப் படியில் மறுபடியும் தெய்வானை உயர்ந்தாள். வரிசைகள் ஒன்றையொன்று வெட்டும் இத்தகைய இடத்திலேதான் எண் எழுதுபவரின் கை தீர்ப்புச் சொல்லத் தொடங்குகிறது. எனவே ஒரு போட்டி முடிவில் வாதம் எழுந்தால், முதலிற் கேட்கவேண்டியது ‘தொகை எவ்வளவு?’ என்பதன்று, ‘வரிசைகள் வெட்டுகின்றனவா?’ என்பதே.

இடையத்தின் வலிமையை முதன் முதலாக வாதாடிக் காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். அவர் காட்டிய உதாரணம் சைவர்களாகிய எமக்கு உவப்பானதன்று, பொறுத்தருள்க. பிளிமத் நகரிற் கூடிய ஒரு கால்நடைக் கண்காட்சியில், கொழுத்த எருதொன்றை வெட்டித் துப்புரவாக்கிய பின் எத்தனை இறாத்தல் நிற்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. வாசிக்கக்கூடிய சீட்டுகள் 787. அவற்றின் நடுச்சீட்டு 1207 இறாத்தல் என்றது. உண்மை நிறை 1198. கால்டன் இதனை 1907இல் வெளியிட்டார். அதே ஆண்டில், நட்டஈடு எவ்வளவு என்று தீர்மானிக்கும் யூரிமார்க்கும் பணம் ஒதுக்கும் சபையார்க்கும் சராசரி ஆகாது என்றும் எழுதினார். சராசரி எடுத்தால், எவர் எவ்வளவுக்கு விபரீதமாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்கு அவர் கை ஓங்கும் என்பது அவர் நியாயம். தன் மருமகள் வெல்ல வேண்டும் என்று ஏனைய பிள்ளைகளுக்கெல்லாம் ‘குறைவு’ போடும் நடுவரை நாம் கண்டதில்லை என்று யாரும் சொல்லமாட்டீர்கள். கூட்டற் கணக்கிலே அவர் ஒரு வட்டம் மூன்று படிகளைக் கவிழ்க்கும். இடையக் கணக்கிலே, மற்ற நால்வர் ஒருமுகமாக நின்றால் அவர் வட்டம் எதையும் அசையாது.

பிரான்சிலே மிசேல் பலின்ஸ்கி, ரிதா லராக்கி என்னும் இருவர் இந்நெறியைத் தேர்தலுக்கே கொண்டுபோனார்கள். 2007 ஏப்பிரல் 22ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்று நடந்தபோது, பாரிசுக்கு அண்மையிலுள்ள ஓர்சே நகரில் மூன்று வாக்குச் சாவடிகளில், வாக்களித்து வந்தவர்களிடம் வேறொரு பரீட்சார்த்தத் தாளும் கொடுத்தார்கள். 1700 பேருக்கு மேல் அதனை நிரப்பினர். வேட்பாளர் பன்னிருவருள் ஒருவரை மட்டும் தெரியச் சொல்லாமல், ஒவ்வொருவருக்கும் ‘மிக நன்று’ தொடக்கம் ‘தள்ளத்தக்கவர்’ வரை ஆறு சொற்களுள் ஒன்றை இடச் சொன்னார்கள். பிரெஞ்சுப் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையில் எவரும் கண்டு பழகிய சொற்களே அவற்றுட் பெரும்பாலானவை. நாடு முழுவதிலும் மூன்றாம் இடம் பெற்று வெளியேறிய பிரான்சுவா பைரு என்பவரே அந்தத் தாள்களில் முதலாவதாக வந்தார். ஓர்சே பிரான்ஸ் முழுவதுக்கும் மாதிரியன்று; ஆதலால் இதனைக் கொண்டு நாட்டின் தேர்தல் தவறு என்று வாதிட முடியாது. ஒரே மக்களிடம் ஒரே நாளில் கேட்கும் வினாவை மாற்றினால் விடையும் மாறும் என்பது மட்டும் தெரிகிறது.

நடுச்சொல் இருவருக்கும் ஒன்றாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அவர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். இருவர் வரிசையிலிருந்தும் அந்த நடுச்சொல் ஒன்றை நீக்கிவிட்டு, மீதியில் நடுவைப் பார்க்க வேண்டும். வேறுபாடு தோன்றும்வரை இவ்வாறே செய்யலாம். மீதி இரட்டையாக இருந்து நடுவிலே இரு சொற்கள் நின்றால் கீழ்ச்சொல்லைக் கொள்ள வேண்டும். ஏனெனில், பாதிக்கு மேற்பட்டோர் உடன்பட்டார்கள் என்று துணிந்து சொல்லக்கூடிய மிக உயர்ந்த படி அதுவே. மூன்றாம் பிள்ளை ஒருத்தி மிகத் திறமை இரண்டு, திறமை ஒன்று, நன்று இரண்டு பெற்றாள் என்க. அவள் நடுச்சொல்லும் வள்ளியைப் போலத் ‘திறமை’. ஒன்றை நீக்கினால் அவளுக்கு நடுவிலே மிகத் திறமையும் நன்றும் நிற்கும்; கீழது ‘நன்று’. வள்ளிக்கோ இன்னும் ‘திறமை’. வள்ளி முந்துகிறாள்.

இவ்வளவும் சொன்னதால், இடையமே சகல நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. அதற்கும் ஒரு குருடு உண்டு. ஒரு குறிச்சியில் 100 வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 60 வீட்டார் ‘நன்று’ என்றனர். 40 வீட்டார் ‘குடிக்கத் தகாது’ என்றனர். இடையம் ‘நன்று’. இதனை எழுதிக் கொடுத்தால், 40 வீட்டுக் குழந்தைகளின் தாகம் அறிக்கையில் இல்லாமற் போய்விடும். சராசரி எடுத்தாலும் ‘சாதாரணம்’ என்று வரும். அந்தக் குறிச்சியிலே சாதாரணத் தண்ணீர் ஒரு கிணற்றிலும் இல்லை. இங்கே செய்யத்தக்கது, எந்தப் படியில் எத்தனை வீடு என்று எண்ணி அப்படியே எழுதிவிடுவதே. எண்ணுதல் எந்தச் சொல்லுக்கும் செய்யக்கூடிய நேர்மையான கணக்கு. கிண்ணம் ஒன்றே இருப்பதால் போட்டிக்கு ஒரு முடிவு வேண்டியிருக்கிறது. தண்ணீருக்கு அந்தக் கட்டாயமில்லை. சங்கத்தின் தொண்டர்கள் வீடு வீடாகத் தகவல் திரட்டும்போது இதனை மனத்திற் கொள்வார்களாக.

தனித்து நின்ற அந்த ஐந்தாம் நடுவரையும் நாம் மறந்துவிடலாகாது. அவர் மருமகளுக்காக அப்படிச் செய்தவராகவே இருக்க வேண்டுமா? பண்ணிசைப் போட்டியில், ஏனைய நால்வரும் குரலினிமையில் மயங்கியிருக்க, பண் பிறழ்ந்ததை அவர் ஒருவரே கேட்டிருக்கலாம். இடையம் அவரை மௌனமாக்கிவிடுகிறது. எந்தக் கணக்கும் இதற்குப் பரிகாரமாகாது. தாள் எழுதுமுன் நடுவர் ஐவரும் பத்து நிமிஷம் ஒன்றாக இருந்து, தாம் கேட்டதைச் சொல்லிக்கொள்ள இடம் கொடுப்பதே பரிகாரம்.

எதிர்வாதமும் கேட்கத்தக்கது. 1952இல் அமெரிக்க வைத்தியரான வேர்ஜீனியா அப்கார் அம்மையார், பிறந்த குழந்தையின் நிலையை நொடியில் அறிய ஒரு முறை வகுத்தார். இருதயத் துடிப்பு, சுவாசம், தசையின் உறுதி, தூண்டினால் அசைவு, மேனி நிறம் ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என்று கொடுத்துப் பத்துக்குக் கூட்டுவார்கள். துடிப்பில் ஒரு படியும் நிறத்தில் ஒரு படியும் சமம் என்று யார் சொன்னது? எவரும் சொல்லவில்லை. இருந்தும் உலகெங்கும் பிரசவ அறைகளில் அந்தக் கூட்டல் குழந்தைகளைக் காக்க உதவி வருகிறது. ஒரே குழந்தையை முதல் நிமிஷத்திலும் ஐந்தாம் நிமிஷத்திலும் பார்த்து உடனே கைகொடுப்பதே அங்கு நோக்கம். பிரெடெரிக் லோர்ட் என்னும் புள்ளிவிபரவியலறிஞரும் 1953இல் ஸ்டீவன்ஸ் கட்சியாரைக் கேலிசெய்து ஒரு கதை எழுதினார். உதைபந்தாட்டக்காரரின் முதுகு எண்களுக்குச் சராசரி எடுத்தும் பயனுள்ள ஒரு வினாவுக்கு விடை காணலாம் என்பது அக்கதையின் சாரம். எனவே கூட்டவே கூடாது என்று விதி வகுப்பதும் மிகை. கூட்டுபவர் தாம் எதைச் சமம் என்று வைத்தோம் என்பதை அறிந்து, வெளியே சொல்லிக் கூட்டுவாராக.

எமது பெரியோர்கள் இதனைச் சாதகம் பார்க்கும்போது செவ்வையாகவே செய்கிறார்கள். பொருத்தம் பத்தில் எட்டு உண்டு என்று சாத்திரியார் சொல்லுவார். ஆனால் ரச்சு இல்லை என்றால், எட்டும் இருந்தென்ன என்று ஓலையைச் சுருட்டிவிடுவார்கள். சோதிடத்தை நம்புபவரும் நம்பாதவரும் இந்த ஒரு நியாயத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: எண்ணிக்கை பார்த்தார்கள், ஆனால் எண்ணிக்கைக்கு அடிமையாகவில்லை.

இனி, சொல் ஒன்றாயினும் சொல்பவர் பலர் என்பதொரு சங்கடம். சிலர் ‘நன்று’ என்பதையே பரிசு போலக் கொடுப்பர். சிலர் கதவு திறந்தவுடன் ‘மிகத் திறமை’ என்பர். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நடுவர் குழு கேட்டால் இக்குறை பெரிதாகாது. கீழ்ப்பிரிவை ஒரு குழுவும் மேற்பிரிவை வேறொரு குழுவும் கேட்டுவிட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு சுழற்கிண்ணம் கொடுப்பதுதான் அபாயம். இந்த அபாயத்தின் பெரிய உருவத்தை எமது நாடு அறியும். 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதிக்குப் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், புள்ளிகளை எப்படி மாற்றிக் கணக்கிடுவது என்பது எத்தனை குடும்பங்களின் வாழ்வைத் தொடும் என்பதை எம் மூத்த தலைமுறைக்குக் கசப்பாகவே கற்பித்தது. 2001 முதல் க.பொ.த. உயர்தரப் புள்ளிகள் இசட் புள்ளியாக மாற்றப்படுகின்றன: ஒருவர் தம் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை அப்பாடத்தின் நியம விலகலாற் பிரித்துக் காண்பது. கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒப்பிட அது ஒரு வழி. ஆனால் அந்தக் கணக்குக்குப் புள்ளியே வேண்டும். பெறுபேற்றுத் தாளிலுள்ள எழுத்துப் போதாது. 75 எடுத்தவருக்கும் ‘ஏ’, 98 எடுத்தவருக்கும் ‘ஏ’. 74 எடுத்தவருக்கு ‘பி’. இருபத்துமூன்று புள்ளி வித்தியாசம் மறைந்தும், ஒரு புள்ளி வித்தியாசம் மலையாகியும் நிற்கின்றன. ‘எத்தனை ஏ?’ என்று பிள்ளையைக் கேட்கும் உறவினர் இதனை ஒரு கணம் நினைப்பாராக.

படிகளுக்கு அடியிலே உண்மையில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அறியும் முயற்சியும் உண்டு. தீர்த்தக் கேணியின் படிகள் நீருக்குள் இறங்குவதைப் பார்க்கிறோம். எத்தனையாம் படியில் நிற்கிறோம் என்பது தெரியும். ஒவ்வொரு படியும் எத்தனை அங்குல உயரம் என்பது தெரியாது. பலர் பல படிகளில் நிற்கும்போது நீர் அவரவருக்கு எதுவரை வருகிறது என்று பார்த்தால் படியின் உயரத்தை ஒருவாறு உய்த்துணரலாம் அன்றோ? 1980இல் பீற்றர் மக்கலா வெளியிட்ட முறை ஏறக்குறைய இத்தன்மையது. சமமென்று முன்கூட்டியே கொள்ளாமல், படிகளின் எல்லைகளைத் தரவுகளிலிருந்தே மதிப்பிடுகிறது. அதற்கு நூற்றுக்கணக்கான தீர்ப்புகள் வேண்டும். ஐந்து நடுவரைக் கொண்ட எமது போட்டிக்கு அது யானைக்குரிய தூண். இங்கே அதனை விரித்தால் சபையோர் பிரசாதத்துக்கு எழுந்துவிடுவீர்கள்.

ஆகவே அடுத்த நவராத்திரிப் போட்டிகளுக்காகச் செயற்குழுவின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். நடுவர் தாளிலுள்ள சொற்கள் பின்மேசையிலும் சொற்களாகவே இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சொல் எத்தனை முறை கிடைத்தது என்று ஒரு பலகையில் எழுதி மண்டபத்தில் தொங்கவிடலாம். நடுவர் பெயர் வேண்டியதில்லை. நடுச்சொல்லைக் கொண்டு முடிவு செய்யலாம். நடுவர் தொகை ஒற்றைப்படையாக இருந்தால் நலம். முதற் பரிசு பெறாத பிள்ளையும் பலகையைப் பார்த்து, தன்னை நால்வர் ‘திறமை’ என்றார்கள் என்று அறிந்து வீடு போகும். ‘அரைப் புள்ளியால் தோற்றாய்’ என்று சொல்லி அனுப்புவதிலும் அது மேலானது. அந்த அரைப் புள்ளி எங்கேயும் இருந்ததில்லை.

மாதிரித் தாள் ஒன்றை எழுதிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். அதில் உள்ள சொற்களைப் பெரியோர்கள் பார்த்துத் திருத்தித் தரவேண்டும். முக்கியமாக, ‘சாதாரணம்’ என்று எழுதினால் பிள்ளைகள் அதனைக் ‘குறைவு’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆசிரியைகள் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் அவ்விரு படிகளுக்கும் இடையே எதிர்பார்த்த இடைவெளி இல்லை. அதற்கு வேறொரு சொல் வேண்டும். எமக்கு இன்னும் அகப்படவில்லை. தமிழ்ப் பண்டிதர்கள் இச்சபையிலே இருக்கிறார்கள்.